எல்லாப் பெயரும் எழுதிய சுவர்: அயர்லாந்துப் பயணக் குறிப்புகள்

திங்கள், டப்ளின்

டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தில் இன்றைக்கும் தபால்தலை விற்கிறார்கள். ஊருக்கு அனுப்ப ஓர் அஞ்சல் அட்டையை வைத்துக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி பார்சலை எடை போட்டுக்கொண்டிருந்தார். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள்கிழமை, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த பாட்ரிக் பியர்ஸும் ஜேம்ஸ் கானலியும் ஆயுதங்களோடு இதற்குள்தான் நுழைந்தார்கள். வாசலில் நின்று பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். வாரம் முடிவதற்குள் தெருவின் பெரும்பகுதி எரிந்துபோனது. சனிக்கிழமை சரணடைந்தார்கள். மே 3 முதல் 12 வரை கில்மெய்னம் சிறைக்குள் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காயம்பட்டு நிற்கக்கூட முடியாமல் இருந்த கானலியை நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். கிளர்ச்சிக்காரர்களைத் திட்டிய டப்ளின் மக்களில் பலருடைய மனம் அந்தப் பத்து நாளில் திரும்பிவிட்டது.

தெருமுனையில் 19-ஆம் நூற்றாண்டுத் தலைவர் டேனியல் ஓகானலின் பெரிய சிலை இருக்கிறது. பீடத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சிறகு முளைத்த வெண்கலப் பெண்களில் ஒருத்தியின் மார்பில் குண்டு துளைத்த ஓட்டையை இன்னும் பார்க்கலாம். சுட்டது எந்தப் பக்கத்துத் துப்பாக்கி என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நம் ஊரில் அயர்லாந்துக் கதை எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்லப்படும்: ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ஒரு சின்ன நாடு. அது உண்மைதான், எனக்கு அந்தக் கதைமேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதே வாரத்தில், ஏப்ரல் 27 முதல் 29 வரை, முதல் உலகப் போரில், பிரான்சில் உல்லுக் என்ற இடத்தில் ஜெர்மானியர் நடத்திய விஷவாயுத் தாக்குதலில் பிரிட்டிஷ் ராணுவத்தின் 16-ஆவது ஐரிஷ் டிவிஷனைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். டப்ளின் கிளர்ச்சியில் எல்லாத் தரப்பும் சேர்ந்து இறந்தவர்கள் 485 பேர். போருக்குப் பிறகு சுயாட்சி கிடைக்கும் என்று நம்பி பிரிட்டிஷ் சீருடை மாட்டிக்கொண்டு போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்களைச் சுதந்திர அயர்லாந்து எங்கே வைத்திருக்கிறது? இந்தத் தடவை நான் தேடி வந்தது அதைத்தான்.

சாயங்காலம் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுக்குப் போனேன். கிளர்ச்சி வாரத்தில் இங்கே பதுங்குகுழி வெட்டிச் சண்டை போட்டார்கள். பூங்காக் காவலர் வாத்துகளுக்குத் தீனி போடுவதற்காக இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்திக் கொடுத்தார்கள். அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான கான்ஸ்டன்ஸ் மார்க்கியெவிச்சுக்கு இங்கே சிலை உண்டு. அதே பூங்காவில் டாம் கெட்டிலின் மார்பளவுச் சிலையும் இருக்கிறது.

கெட்டில் தேசியவாதி, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், பொருளாதாரப் பேராசிரியர். 1914-இல் ஐரிஷ் தொண்டர் படைக்குத் துப்பாக்கி வாங்க பெல்ஜியம் போன இடத்தில் ஜெர்மன் படையின் அட்டூழியத்தைப் பார்த்துவிட்டு பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தார். அவருடைய சகலை பிரான்சிஸ் ஷீஹி ஸ்கெஃபிங்டன் ஆயுதமே தொடாத அமைதிவாதி. கிளர்ச்சி வாரத்தில் கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்கத் தெருவில் இறங்கியவரைப் பிடித்துப் போய், போர்ட்டபெல்லோ முகாமில் விசாரணை இல்லாமல் சுட்டுவிட்டார்கள். உத்தரவு போட்ட அதிகாரியும் ஐரிஷ்காரர்தான், கார்க் பக்கத்தில் பிறந்தவர். அரசு நீட்டிய 10,000 பவுண்டு இழப்பீட்டை மனைவி ஹன்னா வாங்க மறுத்தார். சகலை செத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 9 அன்று, அவரைக் கொன்ற அதே ராணுவத்தின் உடையில் கெட்டில் பிரான்சில் சொம் போர்க்களத்தில் இறந்தார்.

1916-இன் தலைவர்கள் வீரர்களாக நினைக்கப்படுவார்கள், தன்னை ஒரு பிரிட்டிஷ் அதிகாரியாக மட்டுமே நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியேதான் ஆனது. இந்தச் சிலையை 1937 வரை இங்கே வைக்க முடியவில்லை. வைத்தபோதும் அரசு விழா எதுவும் இல்லை. அக்கா தங்கையைக் கட்டிய இரண்டு பேரில் ஒருவரைக் கொண்டாடிவிட்டு மற்றவரை ஒளித்து வைத்தால் அந்தக் குடும்பத்தின் கதையையே சொல்ல முடியாது. நாட்டுக்கும் அதேதான் என்று நினைக்கிறேன்.

செவ்வாய், டப்ளின்

காலையில் ஐலண்ட்பிரிட்ஜ். லிஃபி ஆற்றங்கரையில் முதல் உலகப் போரில் இறந்த ஐரிஷ் வீரர்களுக்கான நினைவுத் தோட்டம். கல்வெட்டு 49,400 பேர் என்கிறது. வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். டெல்லியில் இந்தியா கேட்டைக் கட்டியவர். இரண்டுக்கும் ஜாடை ஒத்துப்போகிறது. 1930-களில் இதைக் கட்டியபோது கூலியாட்களில் பாதிப் பேரை முன்னாள் பிரிட்டிஷ் ராணுவத்தினரிலிருந்தும் பாதிப் பேரை முன்னாள் ஐரிஷ் ராணுவத்தினரிலிருந்தும் எடுத்தார்கள். இவ்வளவு யோசித்துக் கட்டிய இடத்தைப் பிறகு புல் மண்ட விட்டுவிட்டார்கள். வீட்டில் தாத்தாவின் பதக்கத்தை இழுப்பறையில் ஒளித்து வைத்த குடும்பங்கள் ஏராளம். 1988-இல்தான் சீரமைத்து முறைப்படி அர்ப்பணித்தார்கள். 2011 மே மாதம் பிரிட்டிஷ் ராணி எலிசபெத்தும் அயர்லாந்து அதிபர் மேரி மெக்அலீஸும் இங்கே சேர்ந்து மலர்வளையம் வைத்தார்கள். அதற்கு முந்தின நாள், அயர்லாந்தின் விடுதலைக்காகச் செத்தவர்களின் நினைவுப் பூங்காவில் ராணி தலை குனிந்து நின்றார். அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு என்று என் தங்கை சொன்னாள்.

அப்புறம் பஸ் பிடித்து கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டம். அயர்லாந்தின் பெரிய தலைவர்கள் ஓகானல், பார்னெல், மைக்கேல் காலின்ஸ், டி வலேரா எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். காலின்ஸ் கல்லறையில் புதுப்பூ இருந்தது.

நான் வந்தது ஒரு சுவருக்காக. 1916 கிளர்ச்சியின் நூற்றாண்டில், 2016 ஏப்ரலில், இங்கே ஒரு கருங்கல் சுவர் திறந்தார்கள். கிளர்ச்சியில் இறந்த எல்லோருடைய பெயரும் தேதி வரிசையில் இருந்தது. கிளர்ச்சிக்காரர், பிரிட்டிஷ் சிப்பாய், போலீஸ்காரர், வழியில் போன பொதுமக்கள் என்று எந்தப் பிரிவும் இல்லை. இறந்தவர்களில் பாதிக்கு மேல் பொதுமக்கள்தான், 40 பேர் சிறுவர் சிறுமியர். திறந்த நாளிலிருந்தே எதிர்ப்பு. 2017-இல் பெயின்ட் ஊற்றினார்கள். 2020-இல் சம்மட்டியால் உடைத்தார்கள். 2022-இல், இனி இதைத் தொடரப் போவதில்லை என்று கல்லறையை நடத்தும் அறக்கட்டளை அறிவித்துவிட்டது.

எதிர்த்தவர்களின் கேள்வி சாதாரணமானதில்லை. நாட்டுக்காக உயிர் கொடுத்தவரையும் அவரை அடக்க வந்தவரையும் ஒரே வரியில் எழுதுவீர்களா, வேறு எந்த நாடாவது இதைச் செய்யுமா என்று கேட்டார்கள். நான் அந்தச் சுவர் முன்னால் வெகுநேரம் நின்று இதையே யோசித்தேன். எனக்குப் படுவது இது: ஒருவர் இறந்தார் என்று எழுதுவது அவர் செய்தது சரி என்று சான்று கொடுப்பதில்லை. பியர்ஸ் ஏன் செத்தார், அந்த ஆங்கிலச் சிப்பாய் ஏன் செத்தார் என்பதைப் பக்கத்தில் இன்னொரு பலகையில் விரிவாகச் சொல்லியிருக்கலாம். அடக்குமுறையை அடக்குமுறை என்றே எழுதியிருக்கலாம். பெயர்களை மட்டும் வைத்துவிட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டதுதான் குறை என்று நினைக்கிறேன். சம்மட்டி எடுத்தவர்கள் அந்த 40 குழந்தைகளின் பெயரையும் சேர்த்துத்தான் இல்லாமல் செய்தார்கள்.

இதே கல்லறையில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் படைப்பிரிவான கன்னாட் ரேஞ்சர்ஸ் கலகக்காரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. இந்தியர்கள் இங்கே அவசியம் நிற்க வேண்டும். 1920 ஜூன் 28 அன்று ஜலந்தரில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள், தங்கள் ஊரில் பிரிட்டிஷ் படை செய்யும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டு ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். நவம்பரில் டக்ஷாயில் ஜேம்ஸ் டாலி சுட்டுக் கொல்லப்பட்டார். 1970-இல்தான் இறந்தவர்களின் எச்சங்களை அயர்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். சரி, அந்தக் கலகத்துக்கு முந்தின வருஷம் ஜாலியன்வாலாபாக் நடந்தபோது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து அந்தச் சுடுதலை ஆதரித்த மைக்கேல் ஓட்வையர் யார்? டிப்பரரியில் பிறந்த ஐரிஷ் கத்தோலிக்கர். டாலியை நினைத்துப் பெருமைப்படும் அயர்லாந்து ஓட்வையரையும் தன் பிள்ளையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒடுக்கப்பட்ட நாடு, பேரரசுக்கு ஆள் கொடுத்த நாடு, இரண்டுமே இதுதான்.

புதன், டப்ளின்

தங்கை மகனோடு குரோக் பார்க். 13 வயசு, இங்கேயே பிறந்தவன். பக்கத்துக் கிளப்பில் ஹர்லிங் என்ற ஐரிஷ் மட்டைப்பந்து ஆட்டம் ஆடுகிறான். ஹெல்மெட்டும் மட்டையும் வீட்டு வாசலில் செருப்போடு கிடக்கும்.

1920 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். காலையில் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளின் முழுக்கப் பல வீடுகளில் புகுந்து பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைச் சுட்டார்கள். சிலர் படுக்கையிலிருந்து எழுந்த கோலத்தில் செத்தார்கள். மத்தியானம் இந்த மைதானத்தில் டிப்பரரிக்கும் டப்ளினுக்கும் அயர்லாந்துக்கே உரிய கேலிக் கால்பந்து ஆட்டம். போலீஸும் துணைப்படையும் உள்ளே வந்து கூட்டத்தின் மேல் சுட்டன. 14 பேர் இறந்தார்கள். டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் ஆடுகளத்திலேயே விழுந்தார். சில நாளில் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண் இறந்தாள், 10 வயசுப் பையன் ஒருவன் இறந்தான். மைதானத்தின் ஒரு பக்க அரங்குக்கு ஹோகனின் பெயர்தான்.

ரக்பி, வழக்கமான கால்பந்து போன்ற ஆட்டங்களுக்கு இங்கே இடமில்லை என்ற விதி நீண்ட காலம் இருந்தது. ரக்பி வழக்கமாக நடக்கும் லான்ஸ்டவுன் ரோடு மைதானம் இடித்துக் கட்டப்பட இருந்ததால், 2005-இல் கேலிக் விளையாட்டுச் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி அந்த விதியைத் தளர்த்தியது. 2007 பிப்ரவரி 24 அன்று ரக்பியில் இங்கிலாந்து இங்கே ஆட வந்தது. ஹோகன் விழுந்த புல்லில் பிரிட்டிஷ் தேசிய கீதம் ஒலிக்கப் போகிறது என்று ஊரே பதறியது. ஒலித்தது. 80,000-க்கும் மேற்பட்டோர் மரியாதையாக நின்று கேட்டார்கள், முடிந்ததும் கை தட்டினார்கள். அயர்லாந்து 43, இங்கிலாந்து 13.

"அன்னிக்கு நாமதான் ஜெயிச்சோம் மாமா," என்றான் பையன். அவன் பிறக்கும் முன்னால் நடந்த ஆட்டம். 'நாம' என்று அவன் சொன்னதில் எந்தத் தயக்கமும் இல்லை. எனக்கு அதைக் கேட்க ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த ரக்பி அணி தீவு முழுவதற்கும் ஒன்று. இன்னும் பிரிட்டனோடு இருக்கும் வடக்கு அயர்லாந்திலிருந்து வரும் புராட்டஸ்டண்ட் ஆட்டக்காரர்களும் அதே பச்சைச் சட்டை போடுகிறார்கள். அவர்களும் சேர்ந்து பாட 1995-இல் தனியாக ஒரு பாட்டு எழுதினார்கள். கிளாஸ்நெவினில் நடக்காதது குரோக் பார்க்கில் எப்படி நடந்தது? இங்கே யாரும் ஹோகனை மறக்கச் சொல்லவில்லை. அரங்கின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. உறுப்பினர்கள் வருஷக்கணக்காக வாதாடி, சண்டை போட்டு, ஓட்டுப் போட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். தங்கள் துக்கத்துக்கு இடம் உறுதி என்று தெரிந்தவர்களால் எதிரியின் கீதத்துக்கு எழுந்து நிற்க முடிந்தது.

வியாழன், பாய்ன் ஆறு

மாப்பிள்ளை காரில் ஓல்ட்பிரிட்ஜ் வரை கொண்டுவந்து விட்டார். 1690-இல் இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் மன்னர் வில்லியம், ஆட்சியை இழந்த கத்தோலிக்க மன்னர் ஜேம்ஸைத் தோற்கடித்த இடம். வடக்கில் ஜூலை 12 ஊர்வலங்கள் இந்த வெற்றிக்காகத்தான். இது இரண்டு மதங்களின் போர் என்றே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வில்லியமின் கூட்டணியில் கத்தோலிக்க ஸ்பெயின் இருந்தது, கத்தோலிக்கப் பேரரசர் லியோபோல்ட் இருந்தார். எல்லோருக்கும் பொது எதிரி பிரான்சின் 14-ஆம் லூயி. ஐரோப்பியச் சண்டை ஒன்று இந்த ஆற்றங்கரையில் நடந்தது, அதன் விலையை 300 வருஷமாக இந்தத் தீவு கட்டுகிறது.

2007-இல் இயன் பெய்ஸ்லி, ஐரிஷ் பிரதமர் பெர்டி அஹெர்னோடு இங்கே வந்தார். வாழ்நாள் முழுக்க டப்ளினை எதிர்த்து முழங்கிய வடக்கின் புராட்டஸ்டண்ட் பாதிரியார் பெய்ஸ்லி. அந்தப் போர்க்காலத்துத் துப்பாக்கி ஒன்றை அஹெர்னுக்குப் பரிசாகக் கொடுத்தார். ட்ரொஹெடாவில் ரயில் ஏறினேன். எல்லை எங்கே வந்தது என்றே தெரியவில்லை.

வெள்ளி, பெல்ஃபாஸ்ட்

ஜூலை 12-க்கு இன்னும் சில நாள்தான். புராட்டஸ்டண்டுகள் வாழும் ஷாங்கில் பக்கம் காலி மனைகளில் மரப் பலகைகளை வீடுயரத்துக்கு அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள், 11-ஆம் தேதி ராத்திரி கொளுத்த. பன்னிரண்டு வயசுப் பையன்கள் பலகையைத் தோளில் தூக்கி வருகிறார்கள். கொண்டாட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சில இடங்களில் உச்சியில் ஐரிஷ் மூவர்ணக் கொடியைக் கட்டி எரிக்கிறார்கள். அந்தக் கொடியிலுள்ள ஆரஞ்சு நிறம் அவர்களுக்காகவே வைக்கப்பட்டது. பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் வெள்ளை, 1848-இல் தாமஸ் மெஹர் அதைத்தான் விளக்கிச் சொன்னார். அடுத்த பக்கத்தையும் சொல்ல வேண்டும்: மூவர்ணம், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதமேந்திய ஐரிஷ் குடியரசுப் படையின் சவப்பெட்டிகள் மேல் போர்த்தப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆரஞ்சில் தங்களைக் காண முடியவில்லை.

டாக்சி ஓட்டுநர் ஷாங்கில்காரர். இரண்டு சமூகங்களையும் பிரிக்கும் சுவர் வழியாகக் கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் பக்கம் கொண்டுபோனார். இரவில் பூட்டும் இரும்புக் கதவுகள் இன்னும் இருக்கின்றன. 1981-இல் சிறையில் 66 நாள் உண்ணாவிரதமிருந்து இறந்த குடியரசுப் படைக்காரர் பாபி சாண்ட்ஸின் சிரித்த முகம் ஒரு சுவர் முழுக்க. ஷாங்கிலில் 1993-இல் மீன்கடையில் வெடித்த குண்டில் செத்தவர்களுக்கு நினைவிடம். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். "என் பிள்ளைக்கு ரெண்டு பாஸ்போர்ட் வாங்கிட்டேன்," என்றார் ஓட்டுநர். வடக்கின் மோதலுக்கு முடிவு தேடிய 1998 புனித வெள்ளி ஒப்பந்தம் கொடுத்த உரிமை அது: வடக்கில் பிறந்தவர் பிரிட்டிஷ்காரராகவோ ஐரிஷ்காரராகவோ, இரண்டுமாகவோ இருக்கலாம். அந்த ஒப்பந்தத்துக்கு வடக்கில் 71 சதவீதமும் தெற்கில் 94 சதவீதமும் ஆதரவு கொடுத்தார்கள்.

நகர மண்டப வளாகத்தில் 2024-இல் வைத்த வினிஃப்ரெட் கார்னி சிலை. தட்டச்சு இயந்திரமும் துப்பாக்கியுமாக 1916-இல் டப்ளின் தபால் நிலையத்துக்குள் போன கானலியின் செயலாளர். 1928-இல் அவர் ஜார்ஜ் மெக்பிரைடைக் கல்யாணம் செய்துகொண்டார். மெக்பிரைட் புராட்டஸ்டண்ட், ஐரிஷ் சுயாட்சியை எதிர்த்த அல்ஸ்டர் தொண்டர் படையில் இருந்தவர், 1916 சொம் போரில் சண்டை போட்டவர். இரண்டு பேரையும் சேர்த்தது தொழிலாளர் இயக்கம். வடக்கும் தெற்கும் தனித்தனியாகக் கொண்டாடும் இரண்டு 1916-களும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் முதலில் சொல்ல வேண்டிய கதை இது.

சனி, டெர்ரி

ரயில் கடலை ஒட்டியே போகிறது. ஊரின் பெயரே வழக்கில்தான்: ஒரு தரப்புக்கு டெர்ரி, இன்னொரு தரப்புக்கு லண்டன்டெர்ரி. நிலையம் ஆற்றின் கிழக்குக் கரையில், புராட்டஸ்டண்டுகள் அதிகம் வாழும் பக்கம். 2011-இல் திறந்த அமைதிப் பாலத்தில் நடந்தே அந்தப் பக்கம் போகலாம்.

1689-இல் ஜேம்ஸின் படை இந்த ஊரை 105 நாள் முற்றுகையிட்டது. உள்ளே பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், சரணடையவில்லை. சரணடையச் சொல்லும் நிபந்தனைகளை வைத்து உள்ளே வீசிய உள்ளீடற்ற பீரங்கிக் குண்டு செயின்ட் கொலம்ப் பேராலய நுழைவில் இன்னும் இருக்கிறது. கறுத்து, கனத்து, சாதாரணமாக. முற்றுகையைத் தாங்கிய மக்களின் பிள்ளைகள் அதை நினைத்துப் பெருமைப்படுவதை என்னால் முழுமனசோடு மதிக்க முடிகிறது.

மதிலிலிருந்து கீழே பார்த்தால் கத்தோலிக்கர் வாழும் போக்சைடு. 1972 ஜனவரி 30 அன்று குடிமை உரிமை ஊர்வலத்தின்மேல் பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டு 13 பேர் அன்றே இறந்தார்கள், ஒருவர் பிறகு. அந்த வருஷமே ஒரு விசாரணை நடத்தி, படைவீரர்களைப் பெரும்பாலும் குற்றமற்றவர்களாக்கினார்கள். குடும்பங்கள் விடவில்லை. 2010 ஜூன் 15 அன்று, நீதிபதி சாவில் (Saville) நடத்திய இரண்டாவது விசாரணையின் அறிக்கை வந்தது. அந்தச் சுடுதலுக்கு எந்த நியாயமும் இல்லை என்று பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நகர மண்டபச் சதுக்கத்தில் கூடியிருந்தவர்கள் ஆர்ப்பரித்தார்கள். அதன் பிறகு புராட்டஸ்டண்ட் சபைத் தலைவர்கள் போக்சைடுக்கு வந்து குடும்பங்களைச் சந்தித்தார்கள். அருங்காட்சியகத்தில் பாதிரியார் எட்வர்ட் டாலியின் கைக்குட்டை இருக்கிறது. சுடப்பட்ட பையனைத் தூக்கிப் போக வழி கேட்டு அவர் ஆட்டிய கைக்குட்டை.

38 வருஷம். உண்மையைச் சொல்லாமல் 'பழசை மறப்போம், சேர்ந்து வாழ்வோம்' என்று அந்தக் குடும்பங்களிடம் 1990-இல் கேட்டிருந்தால் அது அநியாயம்.

அதே நியாயம் எல்லோருக்கும் வேண்டும். டெர்ரியிலிருந்து சாலை வழியாகக் கொஞ்ச தூரத்தில் கிளாடி என்ற சின்ன ஊர். அதே 1972, ஜூலை 31, மூன்று கார் குண்டுகள். ஒன்பது பேர் இறந்தார்கள், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் இருவருமே. பெற்றோரின் கடைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி அவர்களில் ஒருத்தி. நீதிபதி சாவிலின் அறிக்கை வந்த இரண்டே மாதத்தில், 2010 ஆகஸ்டில், போலீஸ் குறைகேட்பு அதிகாரியின் அறிக்கை வந்தது: சந்தேகத்துக்குரிய ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரை விசாரிக்காமல், போலீஸும் அரசும் திருச்சபையும் பேசி வேறு இடத்துக்கு மாற்றியிருக்கின்றன. இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. ஊருக்குள் மண்டியிட்ட ஒரு சிறுமியின் வெண்கலச் சிலை இருக்கிறது.

டெர்ரி வருகிற நண்பர்கள் மதிலையும் போக்சைடையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கிளாடிக்கு டெர்ரியிலிருந்தே பஸ் இருக்கிறது. அரை நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள்.